விவாத இழை: காலநிலை எதிர்ப்புப் பாடல், ராக் பாணி – பல்லவியில் ‘நாம’ சரியா?

#1 – கரிக்கோடு

எலும்புக்கூடு கீழே. தயவு பார்க்காமல் பிரித்து மேயுங்கள்.

இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல். நீளம் 4 நிமிடம். டிராப் டி ட்யூனிங் (ஆறாம் தந்தியை மட்டும் டி வரை இறக்கியது), வேகம் நிமிடத்துக்கு 140 அடி. ஒலிப்பதிவுக்கும் வேண்டும், பேரணியில் லாரி மேல் நின்று வாசிக்கவும் வேண்டும்.

சரணம்:
ஓசோன் ஓட்டை வழியே வெயில் கொட்டுது
மிதக்கும் பனி கரைஞ்சு கடல் முட்டுது
இன்னும் பன்னிரண்டே வருஷம் கெடு
பூமித்தாயே எங்களை மன்னிச்சிடு

பல்லவி (பாடகர் கேட்க, கூட்டம் பதில் சொல்ல):
எரிச்சது யாரு? – நீ!
எரிஞ்சது யாரு? – நாம!

நடுவில் கிட்டார் அடங்கியதும் ‘இருநூற்றெண்பது! நானூற்றிருபது!’ என்று கார்பன் டை ஆக்சைடு அளவைக் கத்துவதாக எண்ணம். சரணத்தில் சத்து இல்லை, பல்லவியில் ஏதோ இடறுகிறது. எங்கே என்று பிடிபடவில்லை.

#2 – வளிமண்டலம்

சரணத்தில் நாலு வரி, அதில் மூன்று தப்பு. எதிர்ப்புப் பாட்டில் ஒரு வரி தப்பினாலும் எதிராளி அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வான், அதனால் சொல்கிறேன்.

ஓசோன் ஓட்டை வேறு கதை. அது புற ஊதாக் கதிர் சம்பந்தப்பட்டது. குளிர்பதன வாயுக்களால் வந்தது, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல ஆறிவருகிறது. புவி சூடாவது ஓட்டை வழியாக வெயில் உள்ளே வருவதால் இல்லை, உள்ளே வந்த வெப்பம் வெளியே போக முடியாமல் தடுக்கப்படுவதால். போர்வை என்று சொல்லுங்கள், ஓட்டை என்று சொல்லாதீர்கள். படிமமே தலைகீழ்.

மிதக்கும் பனி கரைந்தால் கடல்மட்டம் அநேகமாக ஏறாது. டம்ளரில் மிதக்கிற ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழிகிறதா? அது தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே தள்ளிவிட்டுத்தான் மிதக்கிறது. கடலை உயர்த்துவது நிலத்தின் மேல் கிடக்கும் பனி (கிரீன்லாந்து, அண்டார்டிகா, மலைப் பனியாறுகள்), அதோடு சூடான கடல்நீரே விரிவது. 1901க்கும் 2018க்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர். ‘கரையில கிடந்த பனி கடலுக்குள்ள இறங்குது’ என்றால் முடிந்தது வேலை.

பன்னிரண்டு வருஷக் கெடு: 2018 ஐபிசிசி (ஐ.நா. காலநிலை அறிவியல் குழு) அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் உமிழ்வு 2010 அளவிலிருந்து ஏறக்குறைய 45 சதவீதம் குறைய வேண்டும் என்றது. அதைச் செய்தித் தலைப்புகள் ‘12 வருஷத்தில் உலகம் முடிந்தது’ ஆக்கிவிட்டன. கெடு வைத்த பாட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு.

பூமித்தாய் வரியில் தகவல் பிழை இல்லை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்கிறவர் எதிர்ப்பாளர் இல்லை.

எழுத விஷயமா இல்லை? காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஒரே மழையில் ஊரே மூழ்குவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். சேர்ந்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. ‘கடல் குடிச்ச வெயில்’ என்று ஒரு வரி இதிலிருந்தே கிடைக்கும்.

#3 – அசைபிரிப்பான்

பல்லவியில் இடறுவது இலக்கணம். இரண்டு இடத்தில்.

முதலாவது: ‘எரிச்சது யாரு?’ என்று பாடகர் கேட்கிறார். கூட்டம் ‘நீ!’ என்கிறது. யாரைப் பார்த்து? மேடையில் நிற்கிற பாடகரைப் பார்த்து. ஆயிரம் பேர் சேர்ந்து உங்கள் பாடகரையே குற்றவாளி ஆக்குகிறார்கள்.

இரண்டாவது இதைவிட மோசம். ‘நீ’ என்று ஒருவனை எதிரே நிறுத்திவிட்டு அடுத்த வரியில் ‘நாம’ என்றால் அவனும் அந்த ‘நாம’வுக்குள் வந்துவிடுகிறான். நாம் என்றால் கேட்பவரையும் சேர்த்து. நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே. பல மொழிகளில் இந்தப் பிரிவே கிடையாது, ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். நம்மிடம் இருக்கிறது. காலநிலைப் பேச்சில் இருக்கிற சண்டையே இந்த ஒரு சொல்லில்தான்: ‘நாம எல்லாரும் சேர்ந்துதானே கெடுத்தோம்’ என்று பழியைப் பரப்பிவிடுவது. தனிமனிதக் கரித்தடக் கணக்கு என்ற பேச்சை 2000-களின் நடுவில் ஊரறியப் பரப்பியதில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘நாம’வின் விளம்பர வடிவம் அது.

அதனால் ‘நாம’வைத் தூக்கி எறிய வேண்டாம். எதிராளியின் வாயில் வையுங்கள், குழாய் ஒலிபெருக்கியில் வருகிற குரலாக.

பாடகர்: எரிச்சது யாரு?
குழாய்க் குரல்: நாம எல்லாரும்!
கூட்டம்: இல்ல! எரிச்சது நீ! எரிஞ்சது நாங்க!

மூன்றாவதாக ஒரு குரல் வந்ததும் ‘நீ’க்கு முகவரி கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று. சரணத்தில் கொட்டுது/முட்டுது, கெடு/மன்னிச்சிடு என்று வரிக் கடைசியிலேயே ஓசையைப் பொருத்தியிருக்கிறீர்கள். இயைபு தப்பில்லை, ஆனால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துண்டு) வைத்த பாட்டில் கனமான அடி விழுவது பாரின், அதாவது தாளச் சுற்றின், தொடக்கத்தில். அங்கே நிற்க வேண்டியது எதுகையும் மோனையும். வரி முதலில் வல்லின எதுகை வைத்தால் பவர் கார்டும் (ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தது) எழுத்தும் ஒன்றாக விழும். கடைசியில் வைத்தால் கிட்டார் ஓய்ந்த பிறகு தனியாக விழும்.

#4 – ஆறாம்தந்தி

எண்களைக் கத்த வேண்டாம், வாசியுங்கள். ஏன் என்று பாருங்கள்.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு. நீங்கள் சொன்ன 420. இரண்டுக்கும் விகிதம் 2:3. அதாவது ஸ–ப. 280 ஹெர்ட்ஸை ஆதார ஷட்ஜமாக வைத்தால் 420 ஹெர்ட்ஸ் துல்லியமான பஞ்சமம்.

டிராப் டியை விட்டுவிட்டு டிராப் சி ஷார்ப்புக்கு இறங்குங்கள்: சி♯ ஜி♯ சி♯ எஃப்♯ ஏ♯ டி♯. ட்யூனரில் ஏ = 440க்குப் பதில் 445 என்று மாற்றுங்கள். இப்போது நடு சி♯ 280.3 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஜி♯ 420.0. 440-லேயே விட்டால் 277, 415 என்று வரும். ரெண்டும் 20 சென்ட்டுக்குக் (அரைச் சுருதியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கொஞ்சம் குறைவாகப் பிசகும்.

கடைசி இரண்டு தந்தியையும் திறந்து அடித்தால் 70 ஹெர்ட்ஸ், 105 ஹெர்ட்ஸ். நாலால் பெருக்குங்கள். பாட்டின் பிரதான பவர் கார்டே 280, 420. யாரிடமும் விளக்க வேண்டியதில்லை, அடித்தால் போதும்.

செய்முறையில் கவனிக்க: 25.5 அங்குல ஸ்கேல் கிட்டாரில் 9–42 தடிமன் தந்தி போட்டு இவ்வளவு இறக்கினால் ஆறாம் தந்தி கயிறாகத் தொங்கும், பலமாக அடித்ததும் சுருதி மேலே துள்ளிப் பிறகு இறங்கும். 10–52 ஒப்பேறும், 11–54 நல்லது. தடித்த தந்தி நட்டின் (கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் சிக்கும். ட்யூனரைத் திருகும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி தாவினால் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும். பிறகு கழுத்து வளைவு, இன்டொனேஷன் (ஃப்ரெட்டுகளில் சுருதி சரியாக வருகிறதா என்பது) இரண்டையும் சரிபாருங்கள், 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி ஏறியே ஒலிக்கும்; சேடிலைப் பின்னால் தள்ளினால் சரியாகும்.

பேஸ், கீபோர்டு, பாடகருக்கு வரும் பின்னணி டிராக் எல்லாமே 445க்கு மாற வேண்டும். ஒன்று மறந்தாலும் மொத்தமும் கெட்டது. கீபோர்டில் ‘மாஸ்டர் ட்யூன்’ என்ற இடத்தில் இருக்கும்.

#5 – சும்மாபடிப்பவன்

இது எண் ஜோசியம் மாதிரி இல்லையா? ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு. நொடி மனிதன் வைத்த அளவு. காற்றில் இருக்கும் வாயுப் பங்குக்கும் அதற்கும் என்ன உறவு?

#6 – வளிமண்டலம்

உறவு இல்லைதான். ஆனால் விகிதத்துக்கு அலகு கிடையாது. 280-லிருந்து 420 என்பது எந்த அலகில் எடுத்தாலும் ஒன்றரை மடங்கு, எந்தச் சுருதியில் வாசித்தாலும் பஞ்சமம். 280 ஹெர்ட்ஸ் என்பது அலங்காரம், பஞ்சமம் என்பது கணக்கு. (பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரியோடு இந்த ஒன்றரையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தற்செயல். பாட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேட்பவர் ஒன்றென்றே நினைப்பார்.)

ஆறாம்தந்தி சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 420 பழைய எண். மௌனா லோவா (ஹவாய் அளவீட்டு நிலையம்) ஆண்டு சராசரி 2023-லேயே 421-ஐத் தொட்டது, 2024-ல் 424-ஐத் தாண்டியது. சங்கீதத்தில் ஸ, ப ரெண்டும் அசையாத ஸ்வரங்கள். ரி, க, ம, த, நிக்குத்தான் பேதம் உண்டு. இங்கே பஞ்சமமே அசைந்துவிட்டது. 424 என்பது பஞ்சமத்துக்கு மேல் 16 சென்ட்.

இதை ஒரு நீண்ட இழுப்பாகச் செய்யலாம். அடியில் ஒரு சிந்த் 280-ல் அசையாமல் நிற்கட்டும். இன்னொன்று அதே இடத்தில் தொடங்கி 4 நிமிடமும் மெல்ல ஏறட்டும். ஆனால் நேர்கோடாக ஏற்றாதீர்கள், அது பொய். 1750 முதல் 2024 வரை 274 வருஷம், 240 நொடி. ஒரு வருஷத்துக்கு சுமார் 0.88 நொடி.

1850 (88-ஆம் நொடி): 285 பங்கு, 31 சென்ட்.
1900 (131): 296, 96 சென்ட். ஒரு அரைச் சுருதிகூட முழுசாக ஏறவில்லை.
1958 (182): மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங்கின் முதல் அளவீடு 313, 193 சென்ட்.
1988 (208): சுமார் 352, 396 சென்ட். அந்தர காந்தாரத்தைத் தாண்டியாயிற்று.
2013 (230): பிரதி மத்யமத்தைத் தொடும் இடம். அந்த மே மாதம்தான் மௌனா லோவாவில் முதல் தடவையாக ஒரு நாள் சராசரி 400-ஐத் தாண்டியது.
2024 (240): 718 சென்ட்.

மூன்று நிமிடத்துக்கு ஏதோ லேசாகச் சுருதி விலகுகிற மாதிரிதான் இருக்கும். மீதி 58 நொடியில் 525 சென்ட், அதாவது சுத்த மத்யமத்துக்கும் கூடுதலான தூரம். டாவில் (கணினி ஒலிப்பதிவு மென்பொருள்) ஆட்டோமேஷன் புள்ளிகளாக மேலே உள்ளதை வைத்து இடையில் வளைகோடு போடுங்கள். சிந்த்தின் பிட்ச் பெண்ட் வரம்பு தொழிற்சாலை அமைப்பில் பெரும்பாலும் 2 அரைச் சுருதிதான். 12க்கு மாற்றாவிட்டால் 1958-லேயே முட்டி நின்றுவிடும்.

#7 – ஸ்னேர்

140 வேகம் வேண்டாம். அந்த வேகத்தில் ‘எரிச்சது யாரு’ என்று கத்தினால் நாக்கு சுளுக்கும், நடக்கிறவர் காலோடும் சேராது.

கிட்டாரில் 70:105 இருக்கிறது என்றால் தாளத்திலும் அதையே வையுங்கள். சரணம் நிமிடத்துக்கு 70 அடி, பல்லவி 105. (இரண்டையும் பிபிஎம் என்று எழுதாதீர்கள். தமிழில் எழுதினால் வேகமும் (நிமிடத்துக்கு அடி) பிபிஎம், வாயு அளவும் (பத்து லட்சத்தில் பங்கு) பிபிஎம். அரங்கில் ஏற்கெனவே ஒரு இழை இதனால் நாறியது.)

மாறும் விதம்: 70-ல் இரண்டு அடிக்குள் மூன்று சம அடி வைத்தால், அதாவது கால் நோட்டு ட்ரிப்லெட், அது நிமிடத்துக்கு 105. சரணத்தின் கடைசி இரண்டு பாரில் கிக்கும் ஸ்னேரும் 70-லேயே நிற்கட்டும், ஹை-ஹாட் மட்டும் இந்த மூன்றுக்கு மாறட்டும். பல்லவி தொடங்கும்போது அந்த ஹை-ஹாட் அடியே புதிய அடி. கேட்பவருக்குத் தரை நகர்ந்த மாதிரி இருக்கும். டிரம்மருக்கு எதுவும் மாறாது.

கிளிக் டிராக்குக்கு வேக மாற்ற வரைபடமே தேவையில்லை. 210-ல் ஒரே கிளிக் கடைசிவரை ஓடட்டும். சரணத்தில் அது அடிக்கு மூன்று, பல்லவியில் அடிக்கு இரண்டு. தப்பு எங்கே வரும் என்றால், ட்ரிப்லெட்டைக் கேட்டதும் பேஸ் அவசரப்பட்டு முன்கூட்டியே 105க்குத் தாவுவார். அந்த இரண்டு பாருக்கு பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கட்டும்.

நீங்கள் தேடாத ஒன்று: 105-ல் 4 நிமிடம் என்றால் சரியாக 420 அடி. இதையும் ஜோசியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#8 – அசைபிரிப்பான்

வேகம் முடிவானதால் எழுத்துக் கணக்கு. என் பழைய பதிவிலேயே ஒரு ஓட்டை.

எரிச்சது / எரிஞ்சது: பிறவினை, தன்வினை. எழுத்தில் பார்க்க அழகு, ஒரே ஒரு மெய்தான் வித்தியாசம். அதுதான் சிக்கலும். ச்ச, ஞ்ச இரண்டும் தூரத்தில் ஒன்றாகத்தான் கேட்கும். ஞகர மெய்யின் மூக்கொலி கிட்டார் இரைச்சலில் முதல் ஆளாகக் காணாமல் போகும். ‘எரிச்சது நீ, எரிச்சது நாங்க’ என்று காதில் விழுந்தால் பாட்டு வாக்குமூலம் ஆகிவிடும்.

மாற்று: வெந்தது.

எரிச்சது நீ! வெந்தது நாங்க!

எதுகை போகிறது, எனக்கு வருத்தம்தான். தாளத்தில் லாபம். ‘எரிச்சது’ நிரை நிரை, கருவிளம்: ‘எ’ அடிக்கு முன்னால் எடுப்பாக விழுந்து ‘ரிச்’ அடியில் இறங்கும். ‘வெந்தது’ நேர் நிரை, கூவிளம்: எடுப்பே இல்லை, நேராக அடியில் குத்தும். முதல் வரி ஓங்குகிற கை, இரண்டாம் வரி இறங்குகிற கை.

‘நீ’ தனி நெடில், எத்தனை பேர் கத்தினாலும் தெளியும். ‘நாங்கள்’ என்று எழுதாதீர்கள், ளகரம் வாயை மூடும். ‘நாங்க’ என்று விட்டால் கூட்டம் தானாக ‘நாங்கா’ என்று நீட்டிக்கொள்ளும்.

#9 – கரிக்கோடு

எடுத்துக்கொண்டேன். புதிய சரணம்:

கரையில் கிடந்த பனி கடலில் இறங்குது
இரைச்சல் இல்லாம தண்ணி ஏறி உறங்குது
போர்வை மேல போர்வை போட்டவன் யாரு
வேர்வை மட்டும் எங்களுக்கு வேற கூறு

இனி ஒலி. லாரியில் வாசிக்கும்போது கூட்டம் 100 மீட்டர் நீளத்துக்கு நிற்கும். பதில் குரல் இழுபடாமல் இருக்க வழி?

#10 – ஒலிப்பெட்டி

வழி கிடையாது. இழுபடத்தான் செய்யும், அதற்கு இடம் விட்டு எழுத வேண்டும்.

ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர். 100 மீட்டர் போக 290 மில்லி நொடி. 105 வேகத்தில் அரை அடி 286 மில்லி நொடி. ஆக, கடைசி வரிசை உங்கள் கேள்வியை அரை அடி தாமதமாகக் கேட்கிறது, அவர்கள் பதில் உங்களுக்குத் திரும்பி வர இன்னொரு அரை அடி. மேடையில் நிற்பவருக்குக் கூட்டம் முழுசாக ஒரு அடி பின்தங்கிக் கத்துகிற மாதிரி இருக்கும். டிரம்மர் அவர்களுக்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு பல்லவிக்கும் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். எனவே: டிரம்மர் காதில் கிளிக்கை மட்டும் கேட்கட்டும், கூட்டத்தைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு ‘நீ!’, ‘நாங்க!’வுக்குப் பிறகும் குறைந்தது இரண்டு அடி காலி. அந்த இடத்தில் கிட்டாரையும் நிறுத்துங்கள்.

மின்சாரம். டீசல் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைப் பாடினால் அந்தப் புகைப்படம்தான் நாளைக்குச் சுற்றும். பேட்டரி போதும். கணக்கு: 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு சராசரியாக 250 வாட், பேஸ் ஆம்ப் 100, மிக்சர் 30, கிட்டாருக்கு வால்வு ஆம்ப் வேண்டாம், மாடலர் (ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் சிறு கருவி) இரண்டும் சேர்த்து 40. மொத்தம் 420 வாட். (வேண்டுமென்று கூட்டவில்லை.) 1 கிலோவாட்–மணி பேட்டரியில் இன்வெர்ட்டர் இழப்பு போக 850 கைக்கு வரும், இரண்டு மணி நேரம். சுத்த சைன் அலை இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். மலிவான மாற்று சைன் அலை வகையில் கிட்டார் வழியாக ‘ங்ங்’ என்று ஓயாத இரைச்சல் வரும், சில பவர் சப்ளைகள் சூடாகிச் சாகும். எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்யாதீர்கள், ஸ்பீக்கர் கடைசியில்.

பேஸ்: அடித் தந்தி 35 ஹெர்ட்ஸ். 12 அங்குல ஸ்பீக்கர் 50க்குக் கீழே சும்மா கூம்பை ஆட்டும், சத்தம் வராது, பேட்டரி மட்டும் தீரும். 45க்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் வையுங்கள். பேஸுக்கு லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்தால் 70, 105, 140 மேற்சுரங்கள் கிளம்பும். காது 35-ஐத் தானே நிரப்பிக்கொள்ளும்.

லாரி மேடைக்கு முன்னோடி உண்டு. 1990 மே 30 அன்று மிட்நைட் ஆயில் குழு நியூயார்க்கில் எக்ஸான் அலுவலகத்தின் முன் திறந்த லாரியில் வாசித்தது. முந்தைய வருஷம்தான் அலாஸ்காவில் அந்த நிறுவனத்தின் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியிருந்தது. பின்னால் கட்டிய பதாகை, எங்கள் ஆயில் ஆட வைக்கும், எக்ஸான் ஆயில் நோய் தரும் என்ற பொருளில். அசைபிரிப்பான் சொன்ன ‘நீ’க்கு முகவரி என்பது அதுதான், அங்கே முகவரி கட்டிடமாகவே எதிரில் நின்றது.

#11 – சும்மாபடிப்பவன்

ஒரு உறுத்தல். ‘வெந்தது நாங்க’ என்று கத்துகிறவர்களில் பாதிப் பேர் காரில் வந்திறங்கியவர்கள் என்றால்? அந்த ‘நாங்க’ சுத்தமா?

#12 – வளிமண்டலம்

நியாயமான கேள்வி. ஐபிசிசி ஆறாம் மதிப்பீட்டின் கணக்கு: உலகில் தலைக்கு அதிகமாக உமிழும் 10 சதவீத வீடுகள், வீட்டு நுகர்வால் வரும் உமிழ்வில் 34 முதல் 45 சதவீதத்துக்குப் பொறுப்பு. கீழே இருக்கும் பாதி உலகம் 13 முதல் 15. பெரிய ‘நாம’வைவிட ‘நீ/நாங்க’தான் உண்மைக்கு நெருக்கம். ஆனால் அந்த 10 சதவீதத்தின் கோடு பலர் நினைப்பதைவிடக் கீழே ஓடுகிறது. கூட்டத்தில் நிற்கும் சிலர் அதற்கு மேலே இருக்கலாம்.

#13 – அசைபிரிப்பான்

அதைப் பாட்டில் எழுதிவிடலாம். கடைசிப் பல்லவிக்கு முன் பாடகர் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு தடவை ‘நான் எவ்வளவு?’ என்று கேட்கட்டும். பதில் வேண்டாம்.

#14 – சும்மாபடிப்பவன்

எனக்கு இது பாதித் திருப்திதான். சரி, ‘நான்’ வரட்டும்.

#15 – ஆறாம்தந்தி

எனக்கு இது பிடிக்கவில்லை. உச்சத்தில் கொண்டுபோய் பிரேக் போடுகிற வேலை. குழாய்க் குரல் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியைத்தான் விற்கிறது, நீங்கள் இலவசமாகத் தருகிறீர்கள். குழு முடிவு செய்யட்டும்.

#16 – ஒலிப்பெட்டி

ஒலிப்பதிவுக்கு. கூட்டக் குரல்: ஆறு பேர் போதும். ஒரே மைக், நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் இடம் மாற வேண்டும்: ஒன்று அரை மீட்டரில், ஒன்று ஒன்றரை மீட்டரில், ஒன்று மூன்று மீட்டரில், ஒன்று முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து. 24 குரல் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்று நாலு தடவை கத்தினால் ஆறு பேர் கோரஸ் எஃபெக்ட் போட்ட மாதிரி மட்டும் இருக்கும். சுருதி சேர்க்காதீர்கள், ‘ச்ச’ மட்டும் ஒன்றாக விழட்டும். சிதறினால் ஒரு டேக்கில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் அந்த எழுத்தின் ஒலியை இறக்குங்கள்.

குழாய்க் குரல்: 500 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, பிறகு டிஸ்டார்ஷன், அதன் பிறகு மறுபடி அதே வெட்டு. டிஸ்டார்ஷனுக்குப் பின் வெட்டாவிட்டால் புதுசாக முளைத்த உயர் ஒலி குழாயைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குரலை நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ‘நீ!’ எந்தப் பக்கம் பாய்கிறது என்று காதுக்குத் தெரியும்.

கிட்டார் இரண்டையும் இடம் வலம் முழுசாக ஒதுக்குங்கள், மேடையில் வைப்பதைவிட கெயினைக் குறையுங்கள். இரண்டு டிராக் சேர்ந்தாலே போதுமான கனம் வரும். 2–3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கிட்டாரில் 2, 3 டெசிபல் இறக்கினால் வல்லின எழுத்துகள் வெளியே வரும்.

#17 – கரிக்கோடு

கடைசி கார்டு? சிந்த் 718 சென்ட்டில் முடிகிறது. கிட்டார் 702-ல் நின்றால் இரண்டும் அடித்துக்கொள்ளுமே.

#18 – ஆறாம்தந்தி

அடித்துக்கொள்ளட்டும், ஆனால் கிட்டாருக்குள்ளேயே. முதல் கார்டில் ஐந்தாம் தந்தியைக் காதால் சுத்தப் பஞ்சமத்துக்குச் சேர்த்துவிடுங்கள்: டிஸ்டார்ஷன் போட்டுத் திறந்த தந்தி இரண்டையும் அடியுங்கள், மெதுவாக ஒரு ‘வாவ்... வாவ்’ கேட்கும், அது நிற்கும்வரை திருகுங்கள்.

கடைசி கார்டில் அதே இரண்டு தந்தியை அடித்து, நட்டுக்குப் பின்னால், ட்யூனிங் கட்டைக்கும் நட்டுக்கும் நடுவில் ஐந்தாம் தந்தியை மட்டும் இடது விரலால் மெல்ல அழுத்துங்கள். 105 ஹெர்ட்ஸ் 106 ஆகும். ஆறாம் தந்தியின் மூன்றாம் மேற்சுரம் 210, ஐந்தின் இரண்டாவது 212. வித்தியாசம் 2. நொடிக்கு இரண்டு தடவை ‘வாவ் வாவ்’. 105 வேகத்தில் நொடிக்கு 1.75 அடிதான் விழும், எனவே இந்தத் துடிப்பு தாளத்தோடு ஒட்டாமல் தனியாக ஓடும். மற்ற வாத்தியம் எல்லாம் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் ட்யூனிங் தப்பு என்று நினைப்பார்கள்.

#19 – ஸ்னேர்

லாக்கிங் நட் போட்ட கிட்டாரில் நட்டுக்குப் பின்னால் அழுத்தினால் ஒன்றும் ஆகாது, தந்தி அங்கே பூட்டியிருக்கும்.

#20 – ஆறாம்தந்தி

ஆமாம், விட்டுவிட்டேன். அந்த வகையில் பாலத்தில் இருக்கும் ஃபைன் ட்யூனரைத் திருகுங்கள். எத்தனை திருகு என்பது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். முன்கூட்டியே ட்யூனரில் 16 சென்ட் வரும் இடத்தைப் பார்த்து, திருகின் தலையில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.